ஒரு பாட்டுக்கு மட்டும் திரையில் வரும் பாடகர்கள்: டைட்டிலில் பெயர் இல்லாவிட்டால் என்ன இழப்பு? முழு விவரம்

படத்தில் ஒரு திருவிழா சீன். ஹீரோ கூட்டத்துக்குள் நுழைகிறார். மேடையில் ஒரு பழைய பாட்டுக் குழு, ஊரே அறிந்த தங்கள் ஜாலி பாட்டைப் பாடுகிறது. 2 நிமிடம்தான். தியேட்டரில் விசில் பறக்கிறது, மறுநாள் ரீல்ஸில் அதே 2 நிமிடம் ஓடுகிறது.

ரசிகர்களுக்கு அது கெஸ்ட் ரோல். ஆனா அந்தக் குழுவுக்குச் சட்டப்படி என்ன உரிமை இருக்கிறது என்பதில், டைட்டில் கார்டில் ஓடும் ஒரு வரிக்குப் பெரிய பங்கு உண்டு.

சிலோன் பாப் சொல்லும் கதை

தமிழில் சிரிக்க வைக்கும், ஆட வைக்கும் பாப் பாட்டு என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது சிலோன் பாப். போர்ச்சுகீசியர் காலத்தில் இலங்கையில் வேர்விட்ட 'பைலா' தாளத்தில், அன்றாடப் பேச்சை அப்படியே பாட்டாக்கியவர்கள் இவர்கள். நித்தி கனகரத்தினம், ஏ.இ.மனோகரன் போன்றவர்கள் 1970-களில் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பிரபலம்.

மனோகரனை 'சிலோன் மனோகர்' என்றால்தான் தமிழ்நாட்டில் தெரியும். 'சுராங்கனி' பாட்டு அவரது அடையாளம். பின்னர் சென்னைக்கு வந்து பல தென்னிந்திய மொழிப் படங்களில் நடித்தார். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1977-ல் வந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் 'சுராங்கனி' ஒலித்தது. பாடியது மலேசியா வாசுதேவன். அதாவது, ஒரு பாட்டு திரைக்குப் போவதும், அதைப் பிரபலமாக்கிய குரல் திரைக்குப் போவதும் வேறு வேறு.

குரலோடு முகமும் வந்தபோது

இதற்கு நேர்மாறான உதாரணம் பரவை முனியம்மா. மதுரை பக்கத்தில் உள்ள பரவையைச் சேர்ந்த நாட்டுப்புறப் பாடகி. மேடைகளில் பாடிக்கொண்டிருந்தவர், தரணி இயக்கி விக்ரம் நடித்த 'தூள்' (2003) படத்தில் தானே தோன்றிப் பாடினார். அந்த ஒரு பாட்டு அவரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 'தமிழ்ப் படம்' (2010) உட்பட பல படங்களில் நடித்தார்.

ஆனா புகழ் வேறு, வயதான காலத்தில் வரும் வருமானம் வேறு. உடல்நலமின்றி அவர் கஷ்டப்பட்ட செய்தி வெளியானபோது, 2015-ல் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா 6 லட்சம் ரூபாய் உதவி அறிவித்தார். 2020 மார்ச்சில் முனியம்மா காலமானார். திரையில் தெரிந்த முகத்துக்கே அரசு உதவி தேவைப்பட்டது என்றால், பெயரே தெரியாத கலைஞர்களின் நிலை என்ன?

சட்டம் என்ன சொல்கிறது?

1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் 2012-ல் திருத்தப்பட்டது. 'நிகழ்த்துகலைஞர்' என்ற சொல்லுக்குள் நடிகர், பாடகர், இசைக்கலைஞர் மட்டுமல்ல, வித்தைக்காரர், பாம்பாட்டி வரை அடங்குவார்கள். இவர்களுக்கு மூன்று முக்கிய உரிமைகள் உண்டு:

- தங்கள் நிகழ்ச்சி வணிக ரீதியாகப் பயன்பட்டால் ராயல்டி கேட்கலாம்.
- 'இது நாங்கள் செய்தது' என்று பெயர் போடச் சொல்லலாம்.
- மதிப்பைக் கெடுக்கும்படி தங்கள் நிகழ்ச்சியைத் திரித்தால் தடுக்கலாம், நஷ்டஈடு கேட்கலாம்.

இந்த உரிமை, நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 50 ஆண்டுகள் நீடிக்கும்.

சிக்கல் எங்கே?

2012 திருத்தத்தில் ஒரு விலக்கு சேர்க்கப்பட்டது. சினிமாவில் ஒருவரின் பங்கு தற்செயலானது அல்லது போகிற போக்கில் வருவது, அதோடு அவர் பெயர் டைட்டில் உட்பட எங்குமே குறிப்பிடப்படவில்லை என்றால், அவர் 'நிகழ்த்துகலைஞர்' ஆக மாட்டார். திரிப்பைத் தடுக்கும் உரிமை மட்டும் மிஞ்சும். ராயல்டி கேட்க முடியாது. பெயர் போடச் சொல்லும் உரிமையும் கிடையாது! பெயர் இல்லாததாலேயே பெயர் கேட்கும் உரிமையும் போய்விடுகிறது.

உதாரணத்துக்கு, அரியலூர் மாவட்டம் வரதராஜன்பேட்டையில் தேர்பவனிக்கு வாசிக்கும் ஒரு பேண்ட் செட்டை ஷூட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பேசிய சம்பளம் அன்றே கைக்கு வந்துவிடும். படம் ஓடிடி, டிவி, யூடியூப் என்று ஆண்டுக்கணக்கில் ஓடும். டைட்டிலில் குழுவின் பெயர் இருந்தால் ராயல்டி கேட்க ஒரு பிடி இருக்கிறது. இல்லாவிட்டால், 'எங்கள் பங்கு போகிற போக்கில் வந்தது அல்ல' என்று முதலில் நிரூபிக்க வேண்டும். ஒரு கிராமத்துக் குழுவுக்கு அது லேசான காரியமா?

நாட்டுப்புறப் பாட்டு என்றால்?

வழிவழியாக வந்த பாட்டுக்கு எழுதியவர் யாரென்று தெரியாது. அதனால் பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்ற வகையில் ராயல்டிக்கு வழியில்லை. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் மிஞ்சுவது இந்த நிகழ்த்துகலைஞர் உரிமை ஒன்றுதான். அதனால்தான் டைட்டிலில் வரும் பெயர் இவர்களுக்கு இன்னும் முக்கியம். சொந்தமாக எழுதி, மெட்டமைத்த பாட்டு என்றால் கதை வேறு: எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் காப்புரிமை உண்டு.

கேமராவுக்கு முன் போகும் முன்

பேச்சு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அதில் மூன்று விஷயங்கள் அவசியம்: குழுவின் பெயர் டைட்டிலில் எப்படி வரும், பாட்டு யாருடையது, சம்பளம் போக ராயல்டி பற்றி என்ன முடிவு. எழுத்தில் சம்மதம் கொடுத்த பிறகு, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, தயாரிப்பாளர் அந்தக் காட்சியைப் பயன்படுத்துவதை எதிர்க்க முடியாது. அதனால் கையெழுத்து போடும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.