திரையில் ஓடும் இரயிலை உற்றுக் கவனிப்போம்

பழைய போர்ப்படங்களைப் பார்க்கும்போது கதாநாயகனைவிட இரயிலையே உற்றுக் கவனிக்கும் இரசிகர்கள் உலகெங்கும் உள்ளனர். திரையில் ஓடுவது எந்த நாட்டு இயந்திரம், அது கதை நடக்கும் காலத்துக்குப் பொருந்துகிறதா, காட்சி உண்மையில் எங்கே எடுக்கப்பட்டது என்றெல்லாம் அவர்கள் ஆராய்வர். "படத்தை இரசிக்காமல் குறை தேடுகிறார்களே!" என்று சிலர் நகைப்பதுண்டு. என் கருத்தில், இப்பழக்கம் மாணவர்கள் அனைவரும் கற்றுக்கொள்ளத் தக்கது.

இவர்களின் கண்ணுக்குப் புலப்படுபவை பல. 1964இல் வெளிவந்த 'தி டிரெயின்' படம், பிரான்சு நாட்டுக் கதையை அந்நாட்டு இரயில்களைக் கொண்டே காட்டியது. அதில் இரயில்கள் மோதும் காட்சிக்கு உண்மையான இயந்திரங்களையே மோதவிட்டனர். மாறாக, 1962இல் வந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தில் ஹிஜாஸ் பாதையில் இரயில் கவிழ்க்கப்படும் காட்சி ஸ்பெயின் நாட்டு மணல்மேடுகளில், அந்நாட்டு இரயிலைக் கொண்டு எடுக்கப்பட்டது. பாலைவனத்தைக் கண்டதும் நாம் அரேபியா என்று நம்பிவிடுகிறோம். இரயிலைக் கவனிப்பவர்கள் அவ்வளவு எளிதில் நம்புவதில்லை.

இப்பயிற்சி நமக்கு ஏன் தேவை என்பதை 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படம் உணர்த்தும். 1957இல் வெளிவந்து ஏழு ஆஸ்கார் விருதுகளை வென்ற இப்படம், ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா இரயில் பாதையைப் பற்றியது. படத்தின் இறுதியில் மரப்பாலம் வெடித்துச் சிதற, இரயில் ஆற்றில் விழும். அந்த ஆறு இலங்கையின் களனி ஆறு. அந்த இரயில் இலங்கையில் ஓடிய பழைய இரயில். சயாமில், காஞ்சனபுரிக்கு அருகில் உள்ள பாலமோ இரும்பாலும் காங்கிரீட்டாலும் ஆனது. அதைச் சேதப்படுத்தியவை 1945இல் நேச நாட்டு விமானங்கள் வீசிய குண்டுகள். அப்பாதையில் ஓடிய இயந்திரங்களுள் ஜப்பானிலிருந்து கொண்டுவரப்பட்ட சி56 வகை நீராவி இயந்திரங்களும் அடங்கும்.

இரயிலைச் சரிபார்த்த அதே கண்ணால், பாதையை அமைத்த மனிதர்களையும் தேடிப் பார்ப்போம். படத்தில் பாலம் கட்டுவோர் பிரிட்டிஷ் போர்க்கைதிகள். உண்மையில், ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை 1942க்கும் 1943க்கும் இடையில் அமைக்க, சுமார் 60,000 போர்க்கைதிகளுடன் அவர்களைவிடப் பன்மடங்கு ஆசியத் தொழிலாளர்களும் ஈடுபடுத்தப்பட்டனர். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் ஆகியோருடன் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அங்கு உழைத்தனர். வாந்திபேதி, மலேரியா, பட்டினி ஆகியவற்றால் மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. 'சயாம் மரண இரயில்' என்று நம் முன்னோர் அதற்கு இட்ட பெயர் காரணப் பெயரே. அத்தகைய மக்களைப் படத்தில் தேடினால் காண்பது அரிது.

"திரைப்படம் கற்பனைதானே? அது வரலாற்றுப் பாடநூலா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. இயக்குநருக்குக் கற்பனை செய்யும் உரிமை உண்டு. ஆயினும், கற்பனையின் வலிமையை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. காஞ்சனபுரிப் பாலத்தின் கீழ் ஓடிய ஆற்றுக்கு முன்பு மே குலோங் என்று பெயர். படத்தைப் பார்த்த பயணிகள் 'குவாய்' ஆற்றைத் தேடி வரத் தொடங்கியதால், 1960இல் ஆற்றின் அப்பகுதிக்குக் குவே யாய் எனப் பெயரிடப்பட்டது. ஒரு நாட்டின் நிலப்படத்தையே மாற்றிய திரைப்படம், நம் மனத்திலுள்ள வரலாற்றை மாற்றாதா?

மேலும், போர்க்கைதிகளின் பெயர்களை அவர்களுடைய அதிகாரிகள் பதிவு செய்து வைத்தனர். அதனால் காஞ்சனபுரியில் ஆயிரக்கணக்கான கல்லறைகள் பெயர்களோடு வரிசையாக நிற்கின்றன. தோட்டப் பாட்டாளிகளுக்கு அத்தகைய பதிவேடு இல்லை. எழுத்தில் இடம்பெறாதவர்கள் திரையிலும் இடம்பெறாவிட்டால், அவர்கள் இருந்ததையே அடுத்த தலைமுறை அறியாமல் போகும். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் போன்ற படைப்புகள் அக்குறையை ஓரளவு நிறைவு செய்கின்றன.

ஆகவே, போர்ப்படங்களைத் தாராளமாகப் பாருங்கள், விறுவிறுப்பை இரசியுங்கள். படம் முடிந்த பிறகு மூன்று வினாக்களை எழுப்புங்கள். இந்த இரயில் எங்கிருந்து வந்தது? இந்தக் காட்சி எங்கே எடுக்கப்பட்டது? இந்தத் தண்டவாளத்தைப் போட்டவர்கள் யார்? மூன்றாம் வினாவுக்குத் திரையில் விடை கிடைக்காவிட்டால், நூலகத்துக்குச் செல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேளுங்கள். சயாமுக்குப் போய்த் திரும்பாத ஓர் உறவினரின் பெயர் அவர்கள் நினைவில் இருக்கக்கூடும்.