மேம்பாலத்துக்குக் கீழே யார்?

இந்திரா காந்தி சிலையிலிருந்து ராஜீவ் காந்தி சிலை வரை ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்கு மேம்பாலமாம். 436 கோடி ரூபாய். 2025 அக்டோபரில் அடிக்கல்லும் நாட்டியாயிற்று. கடலூரிலிருந்து சென்னை போகிறவருக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் புதுச்சேரியிலேயே இறங்குகிறவர், நெல்லித்தோப்பில் காய்கறி வாங்குகிறவர் எல்லாம் கீழேதானே இருப்பார்கள்?

எழுபத்தாறு வயதில், இந்திரா காந்தி சிலையருகே சாலையைக் கடக்க யாராவது கல்லூரிப் பையனின் கையைப் பிடித்துக்கொள்கிறேன். தூண்கள் எழும்பினால் எதிரே வரும் பஸ்கூடத் தெரியாது. நடைபாதை எவ்வளவு அகலம்? ஒரு மழைக்கே குளமாகும் அந்த இடத்தில் தண்ணீர் எங்கே வடியும்? கிழவர்கள் கடக்கப் பச்சை விளக்கு எத்தனை விநாடி? ‘பிறகு பரிசீலிக்கலாம்’ என்று நானே எத்தனையோ கோப்புகளில் குறிப்பெழுதியவன். அந்தப் பிறகு வந்ததே இல்லை, ஐயா! தூணுக்குக் குழி தோண்டுமுன் இவற்றை வரைபடத்தில் காட்டுங்கள்.