வீடும் வண்டிதான், வேலையும் சீசன்தான்: ஆர்.வி. வாழ்க்கையில் கணக்கு எங்கே இடிக்கிறது?

ரீல்ஸில் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே மலை, கையில் காபி, வீட்டு வாடகை கிடையாது. ஆனால் அமெரிக்காவில் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியிலேயே வருடம் முழுக்க வாழ்பவர்களுக்கு ஓயாத கவலை ஒன்று உண்டு: அடுத்த மூன்று மாதத்துக்கு எந்த ஊரில் என்ன வேலை?

இப்படி ஊர் ஊராகப் போய் சீசன் வேலை பார்ப்பவர்களை அங்கே 'வொர்க்கேம்பர்' என்கிறார்கள். ஜெசிகா புரூடர் 2017-ல் எழுதிய 'நோமேட்லேண்ட்' புத்தகமும், அதை வைத்து எடுக்கப்பட்டு 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய படமும் இவர்களைப் பற்றியதுதான். அதில் வரும் பலர் ஜாலியாக ஊர் சுற்றக் கிளம்பியவர்கள் இல்லை. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு வாடகை கட்ட வழியில்லாமல் வண்டிக்குள் குடியேறிய முதியவர்கள்.

'ஃப்ரீ' என்றால் எவ்வளவு?

எளிதில் கிடைப்பது கேம்ப்கிரவுண்ட் வேலை. வண்டி நிறுத்த இடம், கரண்ட், தண்ணீர் இலவசம். பதிலுக்கு வாரம் 20 முதல் 30 மணி நேரம் கழிப்பறை கழுவுவது, புல் வெட்டுவது, வருகிறவர்களைப் பதிவு செய்வது.

கேட்க நல்ல டீல் மாதிரி இருக்கும். கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பார்ப்போம். அந்த இடத்துக்கு மாத வாடகை 600 டாலர் என்று வைத்துக்கொண்டால், மாதம் 100 மணி நேர வேலைக்கு மணிக்கு 6 டாலர்தான் தேறுகிறது. 2009-லிருந்து மாறாமல் கிடக்கும் மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியமே 7.25 டாலர்! கையில் காசு வராத வேலையை வைத்து டீசல் போட முடியாது. இடத்துக்கு ஈடான மணி நேரம் போக, மிச்சத்துக்குச் சம்பளம் தராத முதலாளியிடம் போகாமல் இருப்பதே நல்லது.

நேர்மாறானது சர்க்கரைக் கிழங்கு அறுவடை. வடக்கு டகோட்டா, மினசோட்டா எல்லையில் உள்ள ரெட் ரிவர் பள்ளத்தாக்கில் அக்டோபர் தொடங்கியதும் 12 மணி நேர ஷிஃப்ட், ராத்திரி பகல் பாராமல் ஓடும். லாரியில் வரும் கிழங்கை மலை மாதிரி குவிக்கும் இடத்தில் குளிரிலும் சேற்றிலும் நிற்க வேண்டும். ஓவர்டைம் சேர்ந்து இரண்டு, மூன்று வாரத்தில் நல்ல தொகை கிடைக்கும்.

ஆனால் வெயில் ஏறினாலும் வேலை நிற்கும், மழை பெய்தாலும் நிற்கும். சூடான கிழங்கைக் குவித்தால் அழுகிவிடும் என்பதால் ஆலைக்கு வேறு வழியில்லை. வேலை நின்ற நாளில் பெரும்பாலும் சம்பளமும் கிடையாது. இதில் போக்குவரத்துச் செலவு வேறு. அரிசோனாவின் குவார்ட்சைட்டிலிருந்து அங்கே போக சுமார் 1,800 மைல். கேலனுக்கு 9 மைல் ஓடும் வண்டிக்கு 200 கேலன் வேண்டும். கேலன் மூன்றரை டாலர் என்றாலும் ஒரு வழிக்கே 700 டாலர் காலி.

டெக்சாஸ் எண்ணெய் வயல்களில் கேட் காவல், டிசம்பரில் கிறிஸ்துமஸ் மரக் கடை என்று வேறு வழிகளும் இருக்கின்றன. ஒரு காலத்தில் பலரும் நம்பியிருந்தது அமேசானின் 'கேம்பர்ஃபோர்ஸ்' திட்டத்தை. பண்டிகை சீசனுக்கு ஆர்.வி. வாசிகளைக் கிடங்கு வேலைக்கு எடுத்த அந்தத் திட்டத்தை நிறுவனம் மூடிவிட்டது. ஒரே முதலாளியை நம்பி வருடத்தைத் திட்டமிட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

உடம்பு ஒத்துழைக்காவிட்டால்?

உண்மையான ரிஸ்க் இங்கேதான். மெடிகேர் பொதுவாக 65 வயதில்தான் கிடைக்கும். அதற்குக் கீழே உள்ளவர்கள் சொந்தமாக எடுக்கும் காப்பீடு, பல நேரம் ஒரு மாநிலத்து மருத்துவமனைகளோடு நின்றுவிடும். வருமான வரி இல்லை என்று தெற்கு டகோட்டாவில் முகவரி வைத்திருப்பவர் மினசோட்டாவில் இடுப்பு ஒடிந்து விழுந்தால், அந்த அட்டை முழுசாக உதவுமா என்பது சந்தேகமே. சம்பாதித்த மாநிலம் வரி கேட்கும் என்பது தனிக்கதை. வண்டி மெக்கானிக் ஷெட்டுக்குப் போனால் வீடும் கூடவே போகிறது. லாட்ஜ் வாடகை கைக்காசு.

கோடை வேலைக்கு ஜனவரி, பிப்ரவரியிலேயே ஆள் எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மணிக்கு எவ்வளவு என்பதை எல்லோரும் கேட்கிறார்கள். வாரத்துக்கு உறுதியான மணி நேரம் எத்தனை, வேலை நின்ற நாளில் தங்கும் இடத்துக்குக் காசு பிடிப்பார்களா, நடுவில் அடிபட்டால் செலவு யாருடையது? இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகு வண்டியைக் கிளப்பலாம்.