வெள்ளைக்காரர் பசியாறலும் நம்ம பிள்ளைங்க வயிறும்



ஞாயிறு காலை தேவார வகுப்புக்கு வர்ற பிள்ளைகளுக்கு 'இங்லிஷ் பிரேக்ஃபஸ்ட்' மாதிரி தட்டு நிறைய பசியாறக் கொடுக்கலாம்னு நம்ம இளைஞர்கள் ஒரு யோசனை சொன்னாங்க. சிலர் சிரிச்சாங்க. என் கருத்து, அந்த யோசனையில நியாயம் இருக்கு.

முட்டை, பன்றி இறைச்சி, சாசேஜ், தக்காளிச் சாறுல வெந்த பீன்ஸ், காளான், ரொட்டி. இதுதான் பிரிட்டிஷ்காரங்களோட முழு காலை உணவு. இதுல பாதி கோயிலுக்கு ஆகாது. ஆனா நாள் தொடங்கும்போதே வயிறு நிறையணும்ங்கிற எண்ணம் எல்லாருக்கும் ஆகும். அவங்க நாட்டுலயே இது எல்லாருக்கும் எப்பவும் கிடைச்சதில்ல. போர்க் காலத்துலயும் அதுக்குப் பிறகும், 1940லிருந்து 1954 வரைக்கும் பன்றி இறைச்சி பங்கீட்டுலதான் கிடைச்சது.

நம்ம தோட்டத்துக் கதை வேற. பால் குளிர்ந்த நேரத்துலதான் நல்லா ஓடும். அதனால விடியுறதுக்கு முன்னாடியே பெரட்டு. துரைக்கு பங்களாவுல முட்டையும் ரொட்டியும். நம்ம பாட்டன் பாட்டிக்கு ஒரு குவளை வரக்காப்பி. மரம் வெட்டி முடிச்ச பிறகுதான் பசியாறல். தோட்டத்தை விட்டு வந்தாச்சு, அந்தப் பழக்கம் மட்டும் இன்னும் நம்மள விடல. ரெண்டு பிஸ்கட், இனிப்புத் தேத்தண்ணியோட வகுப்புக்கு வர்ற பிள்ளைகள் இருக்காங்க.

பள்ளி நாள்ல வசதி குறைஞ்ச ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆர்.எம்.டி. உணவு இருக்கு. 2025 ஜனவரியிலிருந்து ஜொகூர்ல ஞாயிறு விடுமுறை. அன்னைக்கு அவங்களுக்கு யார் கொடுப்பா?

சைவ சாசேஜ் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். இட்லி, சாம்பார், அவிச்ச கொண்டைக்கடலை, வாழைப்பழம், ஒரு குவளை பால் போதும். பீன்ஸ் தர்ற சத்தைக் கடலையும் பருப்பும் தரும்.

"பூஜை முடிஞ்சுதானே அன்னதானம்?"னு பெரியவங்க கேட்கிறது நியாயம்தான். காலைப் பூஜையிலேயே நைவேத்தியம் பண்ணி, பிரசாதமா வகுப்புக்கு முன்னாடி கொடுக்கலாமே. முறையும் கெடாது, பிள்ளையும் வாடாது. பசிச்ச வயித்தோட பதிகம் பாடச் சொல்றது பெரிய பாவம்ங்க.

பிறந்தநாள், நினைவுநாள் வருதுன்னா ஒரு ஞாயிறை உங்க உபயமா எடுத்துக்குங்க. பணம் முடியலன்னா காலை ஆறு மணிக்கு வந்து தேங்காய் துருவிக் கொடுங்க, அதுவும் உபயம்தான். கோயில் அலுவலகத்துல பேர் கொடுத்துட்டுப் போங்க.