சுளுக்கு இல்லை, அது விபத்து!

போச்சம்பள்ளி என்றதும் முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைதான் நினைவுக்கு வரும். இப்போது சிப்காட்டும் சேர்ந்துகொண்டது. ஆலைகள் வந்தால் குடோன்களும் வரத்தானே செய்யும்? சுற்றுப்பட்டுப் பையன்கள் பலர் பெட்டி ஏற்றி இறக்கித்தான் வீட்டுக்குச் சம்பளம் கொண்டு வருகிறார்கள்.

நைட் ஷிப்ட் முடிந்து வரும் பையன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறான். "சுளுக்குதாம்மா, தைலம் தேய்ச்சா சரியாயிடும்" என்கிறான். நாமும் தேய்த்துவிட்டு, "லீவு போட்டா சம்பளம் போயிடுமேடா" என்கிறோம். ராத்திரி மறுபடியும் வேலைக்கு! இங்கேதான் தப்பு செய்கிறோம்.

2023 அக்டோபர் 7-ம் தேதி, ஓசூரைத் தாண்டி கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளியில், பட்டாசு குடோனில் சரக்கு இறக்கும்போது தீப்பிடித்துப் பதினான்கு பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் தமிழ்நாட்டு இளைஞர்கள். எல்லோரும் பதறினோம். ஆனால், தினமும் குடோன்களில் தேயும் முதுகெலும்புகளைப் பற்றி எந்தப் பேப்பரில் செய்தி வருகிறது?

நம் சமையலறைக்கு வரும் காஸ் சிலிண்டர் நிறைந்திருந்தால் கிட்டத்தட்ட 30 கிலோ. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், எல்லாம் வசதியாக அமைந்தால்கூட ஒருவர் கையால் தூக்க 23 கிலோ என்றுதான் கணக்குப் போடுகிறது. குனிந்து, இடுப்பைத் திருப்பித் தூக்கினால் அதுவும் குறைந்துவிடும். இப்படியே தூக்கித் தூக்கி, எலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினால், தைலம் அங்கே போய்ச் சேருமா?

வலி காலுக்கு இறங்குகிறதா, பாதம் மரத்துப்போகிறதா? தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, அடைத்துக்கொண்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி!

அதைவிட முக்கியம், அடிபட்ட நாளிலேயே சூப்பர்வைசரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வைப்பது. ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்த தொழிலாளிக்கு வேலையில் அடிபட்டால், முதல் நாள் வேலையாக இருந்தாலும் சிகிச்சை உண்டு. மூன்று நாளுக்குக் குறையாமல் வேலை செய்ய முடியாமல் போனால், சம்பளத்தில் 90 சதவீதம் அளவுக்குப் பணமும் கிடைக்கும். கான்ட்ராக்ட் ஆள் என்றாலும் இந்த உரிமை உண்டு. ஆனால், வீட்டில் வந்து "சுளுக்கு" என்று முடித்துவிட்டால், வேலையில் பட்ட அடி என்று பிறகு எப்படி நிரூபிப்பது?

இதைப் படிப்பவர்களில் குடோன் நடத்துகிறவர்களும் இருப்பீர்கள். உங்களுக்கும் ஒரு வார்த்தை... ட்ராலி வாங்கிப் போடுங்கள். கனமான பெட்டிக்கு இரண்டு ஆள் விடுங்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓடும் வழியையும் ஆள் நடக்கும் வழியையும் கோடு போட்டுப் பிரியுங்கள். "தெம்பில்லாத பயல்" என்று அவன் தலையில் பழி போடாதீர்கள். தப்பு அவன் உடம்பில் இல்லை, தூக்கச் சொன்ன பாரத்தில் இருக்கிறது.

அம்மாக்களே, அடுத்த தடவை தைல பாட்டிலை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "எதைத் தூக்கும்போது வலிச்சுது? அங்கே சொல்லி எழுத வெச்சியாடா?"