துருத்தி ஊதிய சிறுவன்



ஆண்டுதோறும் ஜூலை மாதம் தொலைக்காட்சியில் பிரான்ஸ் நாட்டு சைக்கிள் பந்தயத்தைக் காட்டுவார்கள். 'டூர் டி பிரான்ஸ்' என்று பெயர். பார்த்திருக்கிறீர்களா? ஒரு வீரரின் சைக்கிள் பழுதானால் கவலையே இல்லை. பின்னால் வரும் காரின் கூரையிலிருந்து புது சைக்கிளை இறக்கிக் கொடுத்துவிடுவார்கள். ஏறி மிதித்துக்கொண்டே போக வேண்டியதுதான்!

அந்தக் காலத்தில் இப்படியெல்லாம் கிடையாது. 1903-ல் இந்தப் பந்தயத்தைத் தொடங்கி நடத்தியவர் ஆன்ரி தெக்ரான்ஷ் என்ற பத்திரிகை ஆசிரியர். ரொம்பக் கண்டிப்பான மனிதர். சைக்கிள் உடைந்தால் ஓட்டுகிறவரே சரிசெய்ய வேண்டும், வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்பது அவர் போட்ட விதி. 'ஓட்டுகிறவனின் பலம் எவ்வளவு என்று பார்க்கிற போட்டி இது. பணக்கார சைக்கிள் கம்பெனிகள் பின்னால் நின்று ஜெயிக்க வைக்கிற போட்டியல்ல' என்பது அவருடைய எண்ணம். அதில் நியாயமும் இருக்கிறது, இல்லையா?

அந்த விதியிடம் மாட்டிக்கொண்ட ஒருவரைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

யூஜின் கிறிஸ்தோஃப் 1885-ல் பாரிஸ் நகரை ஒட்டிய மாலக்காஃப் என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் பூட்டு செய்யும் தொழில் கற்றுக்கொண்டார். அப்புறம்தான் சைக்கிள் பந்தயம். 1910-ல் இத்தாலியில் மிலான் நகரிலிருந்து சான் ரெமோ வரை நடந்த பந்தயத்தில் ஒரே பனிப்புயல். கிளம்பியவர்களில் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் போய்ச் சேர்ந்தார்கள். முதலில் வந்தவர் கிறிஸ்தோஃப். ஆனால் விறைத்துப்போன உடம்போடு ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். 1912 டூர் பந்தயத்தில் இரண்டாவது இடம். அடுத்த ஆண்டு இவர்தான் ஜெயிப்பார் என்று பலரும் நம்பினார்கள்.

1913 ஜூலை 9. அன்றைய தூரம் 326 கிலோமீட்டர், ஒரே நாளில்! வழியில் துர்மாலே என்ற மலை, 2,115 மீட்டர் உயரம். இன்றைக்குப் போல கியர் மாற்றும் வசதி கிடையாது. பாதையோ கல்லும் மண்ணும். கிறிஸ்தோஃப் முன்னணி வீரர்களோடு உச்சியைத் தொட்டுவிட்டு, இறக்கத்தில் வேகமாக வந்தார். திடீரென்று சைக்கிளின் முன் ஃபோர்க் முறிந்துபோனது. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் கவட்டை மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறதே, அதுதான் ஃபோர்க். அது இல்லாவிட்டால் சைக்கிள் வெறும் இரும்புதான்.

பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அவரைத் தாண்டிப் போனார்கள். அவர் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு, அழுதுகொண்டே நடந்தார். பத்துக் கிலோமீட்டருக்குக் குறையாத மலைப்பாதை. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு செயிண்ட் மேரி தெ காம்பான் என்ற சிற்றூர் வந்தது. அங்கே லெகோம்த் என்ற கொல்லரின் பட்டறை இருந்தது.

கொல்லர் நல்ல மனிதர். "கொடுங்கள், நான் பற்றவைத்துத் தருகிறேன்" என்று முன்வந்தார். உடனே, கூடவே வந்திருந்த பந்தய அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். விதி! கொல்லர் வாயால் சொல்லித் தரலாம், கையால் தொடக் கூடாது. சரி என்று கிறிஸ்தோஃபே உலையின் முன்னால் நின்றார். சிறுவயதில் இரும்போடு பழகிய கை அல்லவா? காய்ச்சினார், அடித்தார், இணைத்தார். மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை நடந்தது. அதிகாரிகள் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், பசிக்கிறது, போய்ச் சாப்பிட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டாராம். பசித்தால் இந்தக் கரியைத் தின்னுங்கள் என்று கிறிஸ்தோஃப் பதில் சொன்னாராம்! பின்னாளில் இதைச் சொன்னவர் அவரேதான்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். பழுத்த இரும்பைக் குறட்டால் பிடிக்க ஒரு கை. சுத்தியலால் அடிக்க ஒரு கை. நெருப்பு அணையாமல் துருத்தி ஊத? மனிதனுக்கு மூன்றாவது கை ஏது? பட்டறையில் கோர்னி என்று ஒரு சின்னப் பையன் இருந்தான். அவன் துருத்தியை ஊதினான். அவ்வளவுதான்.

அதிகாரிகள் குறித்துக்கொண்டார்கள். 'வெளியாள் உதவி' என்று சொல்லி, பத்து நிமிடம் அபராதம் போட்டார்கள்! பிறகு அது மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டது. பல மணி நேரத்தை இழந்திருந்த மனிதருக்குப் பத்தானால் என்ன, மூன்றானால் என்ன? அவர் பந்தயத்தை விட்டுவிடவில்லை. பாரிஸ் வரை ஓட்டி ஏழாவதாக வந்தார். ஜெயித்தவர் பெல்ஜியம் நாட்டின் ஃபிலிப் தீஸ்.

இந்தக் கதையை நான் பல வருடங்கள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். "விதின்னா விதிதானே ஸார்?" என்பார்கள் பாதிப்பேர். ஒரு தடவை ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "ஸார், அந்தப் பையனுக்கு விதி தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

என் கருத்தைக் கேட்டால் அந்த அபராதம் தப்பு என்றுதான் சொல்வேன். தெக்ரான்ஷின் விதி, பணமும் ஆள்பலமும் ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காக வந்தது. கொல்லுப்பட்டறைச் சிறுவன் எந்தக் கம்பெனியின் ஆள்? மலைப்பாதையில் நடந்த இரண்டு மணி நேரத்தில், ஓட்டுகிறவரின் பலம் எவ்வளவு என்று அதிகாரிகளுக்குத் தெரியாமலா போயிருக்கும்? விதியின் எழுத்தைப் பிடித்துக்கொண்டு, அது எதற்காக எழுதப்பட்டது என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இருக்கிறதா என்பது வேறு விஷயம். ஒரு பரீட்சையில், பேனா எழுதாமல் தவித்த பக்கத்துப் பையனுக்கு ஒரு மாணவன் தன் பேனாவை நீட்டினான். பரீட்சை நேரத்தில் பேசக் கூடாது, எதையும் கைமாற்றக் கூடாது என்பது விதி. நீட்டியவனை எழுப்பி வெளியே நிறுத்தினேன். அவனுக்குக் கால்மணி நேரம் போனது. அவன் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

கிறிஸ்தோஃபுக்கு 1919-ல் இன்னொரு வாய்ப்பு வந்தது. முதல் உலகப்போர் முடிந்திருந்தது. அவருக்கு வயது 34. அந்த ஆண்டுதான் முன்னணியில் இருப்பவருக்கு மஞ்சள் சட்டை கொடுக்கும் வழக்கம் தொடங்கியது. தெக்ரான்ஷின் பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானது. அதனால் அந்த நிறம். ஜூலை 19 அன்று முதன்முதலாக அதை அணிந்தவர் நம் கிறிஸ்தோஃப். மஞ்சள் குருவி என்று வழியில் ஜனங்கள் கேலி செய்தார்களாம்! இன்றைக்கு அந்தச் சட்டைக்காக உயிரைக் கொடுத்து ஓட்டுகிறார்கள்.

முடிய இரண்டே கட்டங்கள் பாக்கி. இரண்டாம் இடத்தில் இருந்த ஃபிர்மின் லாம்போவைவிட 28 நிமிடம் முன்னால் இருந்தார். 468 கிலோமீட்டர் ஓட்ட வேண்டிய அன்று... மறுபடியும் ஃபோர்க் முறிந்தது! மறுபடியும் அவரே பட்டறை தேடிப் போய்ச் சரிசெய்தார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் போய்விட்டது. லாம்போ ஜெயித்தார், இவருக்கு மூன்றாம் இடம்.

இந்த முறை ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. பத்திரிகை வாசகர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் காசு அனுப்பினார்கள். சேர்ந்தது 13,310 பிராங்க்.

1922-ல் மூன்றாம் முறையும் ஃபோர்க் முறிந்தது என்றால் நம்புவீர்களா? நிஜம்தான்! 40 வயதில், 1925-ல், கடைசியாக டூர் ஓட்டினார். ஒரு தடவையும் ஜெயிக்கவில்லை. 1970-ல் காலமானார்.

உதவி பற்றிய விதி பின்னாளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. செயிண்ட் மேரி தெ காம்பானில் 1951-ல் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். அப்போது கிறிஸ்தோஃப் உயிரோடு இருந்தார். 1913 பந்தயம் அவர் ஜெயித்திருக்க வேண்டிய பந்தயம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள்.