சாய்ந்த எழுத்து, நிமிர்ந்த கட்டம்

பிள்ளைகளே, நம்மில் நாலைந்து பேர் லேடெக்கில் ஆய்வேடு எழுதுகிறீர்கள், அதனால் இது. கட்டம் போட்ட எழுத்தைச் சாய்க்கும்போது கோளாறு வந்தால், மைனஸ் வீஸ்பேஸ் கொடுத்து மேலே கீழே தள்ளாதீர்கள். பின்பக்க விடையைப் பார்த்துவிட்டுப் படிகளை நிரப்புவது போன்றது அது. கைடு பெட்டிக்குள் ஒரு சொல் கூட்டச் சொன்னால் போச்சு, பழைய அளவு பொருந்தாது. சமர்ப்பிக்கும் நாளன்று உட்கார்ந்து அழ வேண்டியதுதான்.

எழுத்து சாய்ந்து கட்டம் மட்டும் நிமிர்ந்தே நிற்கிறதா? எஃப்பாக்ஸுக்குள் ரொடேட்பாக்ஸை வைத்திருப்பீர்கள். ரொடேட்பாக்ஸை வெளியே கொண்டுவாருங்கள். அணிப் பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறும் என்று எத்தனை வருஷம் கத்தியிருப்பேன்!

மேலே திடீரென்று வெற்றிடம் விழுகிறதா? மென்பொருளைத் திட்டாதீர்கள். 5 செ.மீ. நீளப் பெட்டியை 45 டிகிரி சாய்த்தால் உயரம் மூன்றரை செ.மீ.யைத் தாண்டும், சைன் 45 போட்டுப் பாருங்கள். அந்த இடத்தை அது ஒதுக்கியே தீரும். இடது அடிமுனையை ஊன்றித் திருப்புவதால் பெரும்பகுதி மேலே போகிறது. ஆரிஜினுக்கு சி கொடுத்தால் நடுவைச் சுற்றித் திரும்பி, மேலும் கீழும் பங்கிட்டுக்கொள்ளும்.

அப்படியும் பிடிபடவில்லையா? எல்லாவற்றுக்கும் வெளியே இன்னொரு எஃப்பாக்ஸ் போடுங்கள், பெட்டி பிடித்திருக்கும் இடம் கண்ணுக்குத் தெரியும். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடுங்கள். கட்டத்துக்குள் கட்டமாகவே பைண்டிங் ஆகி வந்த ஆய்வேட்டையும் பார்த்திருக்கிறேன்.